மொச்சை வடிக்கும் நேரம்

மொச்சை வெந்துவிட்டது என்பது பூமிநாதனுக்குத் தெரிந்துபோயிற்று. நுரை அடங்கிவிட்டது. பருப்புகள் ஒவ்வொன்றாக அடிக்குப் போய், அங்கே என்னத்தையோ பார்த்துவிட்டு, மறுபடி மேலே வந்து புரண்டுகொண்டிருந்தன. கூடவே போட்ட உருளைக்கிழங்குத் துண்டுகளின் ஓரம் கரைய ஆரம்பித்திருந்தது. இந்த இடத்தில் அடுப்பை அணைக்க வேண்டும். பிடிதுணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, கழுவு தொட்டியில் தயாராக வைத்திருக்கும் ஓட்டைக் கூடையில் சாய்க்க வேண்டும். தண்ணீர் போய்விடும், மொச்சை நின்றுவிடும். இதில் மனிதன் யோசிக்க என்ன இருக்கிறது? சித்திரையில் ஆரம்பித்தது, இப்போது தை பிறந்துவிட்டது, காய் எதுவானாலும் தினமும் இதுதான் வேலை, தூக்கத்தில் எழுப்பி வடிக்கச் சொன்னாலும் வடிப்பார். ஆனால் பிடிதுணி கையிலேயே இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஆட்டோ தெற்குவாசல் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், மனைவி தெய்வானை அவர் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: “நாளைக்கு மொச்சக் கொழம்பு வைங்க. பச்ச மொச்ச வந்துருக்கும். கத்திரிக்கா, உருளக்கெழங்கு எல்லாம் போட்டு, நல்லாப் புளி விட்டு. வடிக்காம வைங்க. ஒரே ஒரு நாளைக்கு.” அவர் “ம்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு ‘ம்’மை வைத்தே குடும்பம் நடத்தியவர் அவர். காதில் விழுந்தது என்பதற்கும் ‘ம்’தான், சரி என்பதற்கும் ‘ம்’தான், ஆளை விடு என்பதற்கும் அதுதான். நேற்று சொன்னது எந்த ‘ம்’ என்று அவருக்கே தெரியவில்லை. அவள் எதுவாக எடுத்துக்கொண்டாள் என்பது மட்டும் தெரிந்தது, ஏனென்றால் காலையில் காய் வாங்கி வந்து பையைக் கவிழ்த்தபோது அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மொச்சையைத் தானே உரித்துக் கொடுத்தாள். மாதக்கணக்கில் அவள் ஒரு வெங்காயம்கூடத் தொட்டதில்லை.

வடிக்காமல் வை என்று மற்ற வீட்டில் சொன்னால் அது வெறும் சமையல் பேச்சு. இந்த வீட்டில் அப்படி இல்லை. தெய்வானைக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் பண்ணி, திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். இயந்திரம் பார்க்கிற வேலை போக மீதியை அடுப்படிதான் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொல்லிக்கொடுக்கும் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். “காய்ல பொட்டாசியம் இருக்கு சார். சின்னச் சின்னதா நறுக்கி, நெறைய தண்ணில வேகவச்சா அது தண்ணில எறங்கிரும். அந்தத் தண்ணிய அப்பிடியே கீழ கொட்டிரணும். பருப்பு, கெழங்குன்னா ரெண்டு தண்ணி வடிக்கணும். ஒரு கரண்டி தண்ணிகூடக் கொழம்புல சேரக்கூடாது.” சேர்ந்தால் என்ன என்று இவர் கேட்டார். “ஹார்ட்டுக்கு ஆகாது சார்” என்று அவள் மெதுவாகத்தான் சொன்னாள். மில்லில் முப்பது வருஷம் இருந்து காது பாதி போனவருக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வானை அப்போது சிரித்தாளே, அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. சிரிக்க மாட்டாளா பின்னே. அவித்த தண்ணீரை ஆயுசில் கீழே கொட்டாதவள் அவள். கீரை வெந்த தண்ணீர் ரசத்துக்குப் போகும், பருப்புத் தண்ணீர் குழம்புக்குப் போகும், மொச்சை அவித்த தண்ணீரில் ரெண்டு மிளகும் ஒரு பல் பூண்டும் நசுக்கிப் போட்டு, இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. மகள் அனுசுயா சின்ன வயதில் ஒருதரம் பீன்ஸ் வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள் என்று அவள் தலையில் விழுந்த குட்டு, இப்போதும் கோயம்புத்தூரிலிருந்து போன் பேசும்போது சிரிப்பாக வந்துபோகும். சத்தைக் கொட்டுறியே, சத்தைக் கொட்டுறியே என்று வாழ்ந்தவளுக்கு, சத்தைக் கொட்டினால்தான் உயிர் என்று எழுதியிருக்கிறது.

“மொச்ச வெந்துருச்சா? வாசம் வருது” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. கட்டில் ஜன்னலோரமாகக் கிடக்கிறது, அங்கிருந்து அடுப்படி தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை, மூக்கு போதும். “ஆகுது, ஆகுது” என்றார். சொல்லிவிட்டு, இன்னும் ஆகவில்லை என்பதை நிஜமாக்குகிற மாதிரி, ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துச் சட்டியில் ஊற்றினார். கொதி பொசுக்கென்று அடங்கியது. இது மறுபடி கொதிக்க ஐந்து நிமிஷமாவது ஆகும், அதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்க முடியாது. தனக்கே தன் தந்திரத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றும் போயிற்று. அவருக்கும் தொண்டை காய்ந்திருந்தது. தண்ணீர் குடிப்பதென்றால் இங்கேயே நின்று, டம்ளர் சத்தம் வராமல் குடித்துக்கொள்வார். அவளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை தண்ணீர்தான் என்று கணக்கு, அவள் எதிரில் மடக்கு மடக்கென்று குடிக்க மனசு வராது. ஊறுகாயும் அப்படித்தான், இந்த மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தின்பார். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் திருடித் தின்கிற பிழைப்பாகப் போயிற்று. அவளுக்கு அதுவும் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியாதது என்று இந்த வீட்டில் என்ன இருந்தது? அதுதான் இப்போது அவரைப் பிடித்து நிறுத்துவது. அவளுக்குத் தெரியும். வடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். அய்யாவு வாத்தியார் கதையும் தெரியும்.

அய்யாவு வாத்தியாருக்கு ஆஸ்பத்திரியில் தெய்வானைக்குப் பக்கத்துப் படுக்கை. நல்ல மனுஷன், நாலு மணி நேரமும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், தெய்வானையை ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை படுக்கையில் கிடந்தபடியே பத்திரிகை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தியில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் விழுந்ததையெல்லாம், சாம்பார், அவியல், வாழைக்காய் வறுவல், கடைசியில் ஒரு பழம் என்று ஒன்றையும் ஒதுக்காமல் சாப்பிட்டாராம். ஒரு நாள்தானே என்று அவர் வீட்டம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். திங்கட்கிழமை விடிகாலையில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை இவர்கள் போனபோது அந்தப் படுக்கையில் வேறு யாரோ ஒரு பையன் கிடந்தான், விரிப்பு மட்டும் அதே பச்சை. நர்ஸ் சொன்னாள்: சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் சார் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும், மற்ற நாள் ஒரு நாள்தான் இடைவெளி, இது ரெண்டு நாள், அந்த ரெண்டு நாளும் உள்ளே போனது உள்ளேயேதான் கிடக்கும். தெய்வானை கையை நீட்டினாள், ஊசி குத்தினார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வேறு ஒரு கிழமை கிடைக்கவில்லையா அவளுக்கு மொச்சைக் குழம்புக்கு? புதன்கிழமை கேட்டிருக்கலாம், வெள்ளிக்கிழமை கேட்டிருக்கலாம், மறுநாளே இயந்திரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கேட்டாள். பார்த்துத்தான் கேட்டாளா? இல்லை, ஞாயிறென்றால் தெருவெல்லாம் குழம்பு வாசம் வருமே, கீழ்வீட்டில் இஞ்சி பூண்டு இடிக்கிற சத்தம்கூட இப்போது கேட்கிறதே, அந்த ஆசையில் கேட்டாளா? ஆசைதான். ஆசையாகத்தான் இருக்கும். மொச்சையை எத்தனை ஆசையாக உரித்தாள். ஆனால் ஆட்டோவில் ஏன் திரும்பவில்லை? ஒரு குழம்பு கேட்கிறவள் புருஷன் முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன? பாலத்துக்குக் கீழே ரயில் போனது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ரயில் போனால் யாரும்தான் பார்ப்பார்கள்.

பொங்கலுக்கு அனுசுயா வந்திருந்தபோது பீரோவைத் திறந்து பட்டுப் புடவை மூன்றை எடுத்துக் கொடுத்தாளே, அது? பெண்ணுக்குக் கொடுப்பதுதான், எல்லா அம்மாவும் கொடுப்பதுதான், உடம்பு இளைத்துப் பட்டு இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது என்று அவளே சொன்னாள். கேஸ் புத்தகம் எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே என்று போன வாரம் இவருக்குக் காட்டினாளே, அது? ஒன்றும் தெரியாத ஆளாக இருக்கிறாரே என்று காட்டியிருப்பாள். நாற்பது வருஷத்தில் தன் வேட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாத மனுஷன்தானே அவர். இப்படி ஒவ்வொன்றையும் எடுத்து ஒன்றுமில்லை என்று வைத்துவிடலாம், ஆனால் வைத்ததெல்லாம் திரும்பத் திரும்பக் கைக்கு வந்தது. அவளிடமே கேட்டுவிட்டால் என்ன? போய்க் கட்டிலில் உட்கார்ந்து, ஏ தெய்வான, நீ கேக்குறது கொழம்பா வேற என்னமுமா என்று கேட்டால்? அதை எப்படிக் கேட்பது? கேட்டால் கேட்டதுதான், அப்புறம் அது வீட்டுக்குள் உட்கார்ந்துவிடும், தினமும் அதற்கும் சேர்த்துச் சோறு போட வேண்டிவரும். அனுசுயாவுக்குப் போன் போட்டால்? ஒரு சொல் முடிவதற்குள் அழுவாள், அழுதபடியே ரயில் ஏறிவிடுவாள். தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று வந்து நின்ற பெண் அது. “நீ இன்னும் பிள்ள பெக்கல, போடி” என்று இவள் விரட்டிவிட்டாள்.

அப்படியானால் புருஷன் கொடுக்க வேண்டியதுதானே. ஊரே கேட்ட கேள்வி, வாயைத் திறந்து யாரும் கேட்காவிட்டாலும். கொடுக்கத்தான் போனார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு வாரம் அலைய விட்டு டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார், உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, எடுக்க முடியாது. “அய்யோ” என்றுதான் சொன்னார் பூமிநாதன். வாய் அப்படித்தான் சொன்னது. ஆனால் வாய் சொல்வதற்கு முந்தி ஒரு கணம், கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. அப்போதிருந்து தனக்குள் யார் இருக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம். வெளியே சமைக்கிறவர், கைபிடித்து மாடி ஏற்றுகிறவர், இயந்திரத்துப் பக்கத்தில் நாலு மணி நேரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், எல்லாரும் சொல்வதுபோலத் தங்கமான மனுஷன். உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். மில்லில் ஷிப்டு முடிய எத்தனை நிமிஷம் என்று சங்குக்குக் காத்திருக்கிற மாதிரி. நேற்று மாடிப்படியில்கூட. இரண்டு மாடி, லிப்ட் இல்லாத வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு. முதல் திருப்பத்தில் அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள், இவர் அவள் இடுப்பில் கைகொடுத்து நின்றார். அவருக்கும் முட்டி வலித்தது. அப்போது அந்த உள்ளே இருக்கிறவன் கேட்டான், இன்னும் எத்தனை நாளைக்கு? வலியில் கேட்பதுதான், அலுப்பில் யார் மனசும் கேட்கும். கேட்டது தப்பில்லை. ஆனால் அரைமணி நேரத்துக்கு முந்தி பாலத்தில் ‘ம்’ என்றது யார்? புருஷனா, அவனா?

தண்ணீர் ஓரத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தது. பூமிநாதன் ஓட்டைக் கூடையைப் பார்த்தார். பாத்திரக்கடைக்காரர் அதற்கு வடிகூடை என்று பெயர் சொன்னார், பழம் கழுவ, மக்ரோனி வடிக்க என்று என்னவெல்லாமோ சொல்லி விற்றார். தெய்வானைக்கு அது ஓட்டைச் சட்டிதான். “எனக்குன்னு கடைசில ஒரு ஓட்டச் சட்டி வாங்கிட்டு வந்திருக்கார் பாரு” என்று அனுசுயாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். முதல் நாள் ஒரே வீச்சாகக் கவிழ்த்துப் பாதிக் காயைத் தொட்டியில் விட்டார், கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார். அவள் கட்டிலில் இருந்தே பாடம் நடத்தினாள். சட்டிய உங்க பக்கம் சாய்க்காதீங்க, அங்கிட்டுச் சாய்ங்க. ஆவி மொதல்ல போகட்டும். மூஞ்சியத் திருப்பிக்கிருங்க. அந்தக் குரலில் அன்றைக்குத் தெம்பு இருந்தது. இப்போது அது எண்ணெய் தீர்கிற விளக்காக இறங்கிவருகிறது. சாப்பாடு இறங்குவதில்லை, அதுதான் முதல் காரணம். உப்பில்லை, புளிப்பு பேருக்கு, காயில் இருந்த ருசியெல்லாம் தொட்டிக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடுகிறது, மிச்சம் இருக்கிற சக்கையில் இவர் குழம்பு வைக்கிறார். ஒருதரம் அந்த வடித்த தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். குடித்ததும் கண் கலங்கிவிட்டது. அவள் வைக்கிற குழம்பு முழுக்க அதில் இருந்தது. முப்பது வருஷம் மிளகும் பூண்டுமாக டம்ளரில் கொடுத்தவளுக்கு, அதை எடுத்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்துச் சாப்பிடு என்கிறோமே என்று அன்றைக்கு அவருக்கு அழுகையே வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கொடுத்தால்தான் என்ன? ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டி குழம்பு, நாலு மொச்சை, சோற்றில் பிசைந்து. அய்யாவு வாத்தியார் பந்தியே சாப்பிட்டார், இது ஒரு கரண்டி. முன்னே மாதிரி அவள் உருண்டை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ம்ம் என்று சொல்வதைப் பார்க்க வேண்டும். அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று. மனுஷி கேட்டதே இதுதான், இத்தனை மாதத்தில் வேறு ஒன்றும் கேட்டதில்லை, புடவை கேட்டாளா, நகை கேட்டாளா, கோயிலுக்குக் கூட்டிப் போ என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கரண்டி குழம்பு தரமுடியாத புருஷன் என்ன புருஷன்? அன்பு என்றால் இதுதான், நீ கேட்டாய் நான் தந்தேன். ஆமாம், தந்துவிடலாம். பூமிநாதனின் கை தானாகப் புளிக் கிண்ணத்தை எடுத்தது. கெட்டியாகக் கரைத்துவைத்திருந்தார், காலையிலேயே, ஏன் இவ்வளவு கெட்டியாகக் கரைத்தோம் என்று கேட்டுக்கொள்ளாமலே. கிண்ணத்தைச் சட்டிக்கு மேலே கொண்டுபோனார். ஊற்றிவிட்டால் முடிந்தது, அப்புறம் வடிக்க முடியாது, யோசிக்கவும் வேண்டாம். முடிந்தது. முடிந்தது என்ற சொல் மனசுக்குள் வந்து நின்றபோது கிண்ணத்தைச் சாய்க்காமல் நிறுத்தினார். எது முடிந்தது? எதை முடிக்கக் கிண்ணத்தைத் தூக்கினோம்? உள்ளே அந்த ஒருத்தன் எழுந்து நிற்பதை, சங்கு ஊதப்போகிறது என்று சட்டையை மாட்டிக்கொள்வதை அவரால் நன்றாக உணர முடிந்தது. அன்பாகத்தான் இருந்தது, சத்தியமாக அன்புதான். ஆனால் அதே கிண்ணத்தின் மறுபக்கத்தை அவனும் பிடித்திருந்தான். இதில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு அவனுடையது என்று பிரித்துப் பார்க்க அவர் நின்றார், நின்று நின்று பார்த்தார், பிரிக்கவே முடியவில்லை. அவள் கேட்பது எது என்றும் தெரியவில்லை, தான் கொடுப்பது எது என்றும் தெரியவில்லை. தெரியாத ஒன்றை அவள் வாயில் வைக்க முடியாது என்று மட்டும் பட்டது. அது நல்ல எண்ணமா, வெறும் பயமா, அதுவும் தெரியவில்லை. கிண்ணத்தை மேடையில் வைத்தார். அடுப்பை அணைத்தார்.

துணியால் காதுகளைப் பிடித்துச் சட்டியைத் தூக்கி, அங்கிட்டுச் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆவி ஜன்னல் வரைக்கும் எழுந்தது. தண்ணீர் கூடையின் கண்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இறங்கியது, பிறகு சில கண்களில் மட்டும், பிறகு சொட்டுச் சொட்டாக. மொச்சை வாசம் அடுப்படி முழுக்க நிறைந்தது, கூடத்துக்கும் போயிருக்கும். தண்ணீர் விழுகிற சத்தமும் போயிருக்கும். கூடத்திலிருந்து ஏதாவது கேட்கும் என்று காத்திருந்தார், மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. கூடையை ஒருதரம் குலுக்கினார். மொச்சையையும் கிழங்கையும் மறுபடி சட்டியில் போட்டு, நறுக்கிவைத்திருந்த கத்திரிக்காயையும் சேர்த்து, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி கொதிக்க வைத்து, மறுபடி வடித்தார். இரண்டாவது தண்ணீரில் வாசம் அவ்வளவாக இல்லை. ரெண்டு சின்ன வெங்காயம் கூடுதலாக வதக்கினால் கொஞ்சம் ருசி வரும் என்று வதக்கினார், புளியில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துத் தண்ணீர் சேர்த்து விட்டார், மீதியைத் தன் பங்குக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று தொட்டியில் ஊற்றினார். கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தெய்வானை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து அடுப்படி நிலையைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துக் கிடக்கும் இடது கையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அந்தக் கையைத் தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது விரலில் அதிரும். ‘ஒங்க மில்லு இங்கதான் ஓடுது, வந்து பாருங்க’ என்று ஆரம்பத்தில் வேடிக்கையாகக் கையை நீட்டுவாள்.

“ஏன் எந்திரிச்சு வந்த? கூப்புட்டா வரமாட்டனா?” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தொட்டியில் கவிழ்ந்திருந்த கூடையைப் பார்த்தாள், அதன் கண்களில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு மொச்சைத் தோலைப் பார்த்தாள்.

“வடிச்சிட்டீங்களா?”

“வடிச்சிட்டேன்.”

“ரெண்டு தண்ணியா?”

“ரெண்டு தண்ணி.” அடுப்பைக் குறைத்தார். “நீ கேட்டியேன்னு நெனச்சேன். முடியல தெய்வான. கோவிச்சுக்கிராத.”

அவள் ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: “நேத்து ஆசையில வாய் சொல்லிருச்சு. பாலத்துல நிக்கிறப்ப எங்கிட்டோ கொழம்பு வாசம் வந்துச்சு, சொல்லிட்டேன். நீங்களும் ‘ம்’னுட்டீங்க. சொன்ன பெறகு உள்ளுக்குள்ள ஒதறல். அய்யாவு அண்ணன் நெனப்பாவே இருந்துச்சு. வேணாம்னு சொல்லலாம்னா, கேட்டுப்புட்டு வேணாங்கவும் ஒரு மாதிரி இருக்கு. காலைல மொச்சையக் கொண்டாந்து வச்சீங்க, உரிச்சுக்கிட்டே இருக்கேன், பயம் போகல. வடிக்காம வச்சுக் குடுத்துருவீங்களோ, குடுத்துருவீங்களோன்னு அங்கன காதக் குடுத்துக்கிட்டே கெடந்தேன். தண்ணியக் கீழ கொட்டுற சத்தம் கேட்ட பெறகுதான் உசிரு வந்துச்சு.” நிறுத்திவிட்டு, “குடுத்துருந்தா தின்னுருப்பேன்” என்றாள்.

பூமிநாதன் கறிவேப்பிலையைக் குழம்பில் போட்டார். இவள் வாழத்தான் கிடந்திருக்கிறாள். அந்தக் கட்டிலில், அந்த ஜன்னலோரம், தண்ணீர் விழுகிற சத்தத்துக்காக. அங்கே அவள் காதைக் கொடுத்துக் கிடந்த அதே நேரத்தில் இங்கே இவர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவருக்கு அழ வேண்டும்போல இருந்தது, குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று கிளறினார். தட்டை எடுத்துச் சோறு வைத்து, குழம்பை அளவாக ஊற்றி, அவள் மடியில் ஒரு துண்டை விரித்துத் தட்டைக் கொடுத்தார். கூடத்துக்குப் போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் பிசைந்தாள், ஒரு வாய் எடுத்துப் போட்டாள். அவர் தரையில் சுவரோரம் உட்கார்ந்து, அவள் மெல்லுவதைப் பார்த்தார்.

“நானுந்தான் பயந்துக்கிட்டு நின்னேன்” என்றார்.

“உங்களுக்கென்ன பயம்? வடிக்கிறதும் வடிக்காததும் உங்க கையிலதான இருந்துச்சு.”

“அதான் பயம்.”

தெய்வானையின் கை தட்டிலேயே நின்றது. அவர் முகத்தை, ஆட்டோவில் பார்க்காத முகத்தை, நன்றாகப் பார்த்தாள். அவரால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டாள், அதை மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கி அவர் பக்கம் நீட்டினாள்.

“இன்னுங் கொஞ்சம் சோறு வைங்க” என்றாள்.